எறும்பு மொய்க்காத பையன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு உதவும்படி அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பொறுமை, கனிவு, நேரம் தவறாமை பற்றியெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். புதுக்கோட்டையில் சர்க்கரை நோய்ப் பிரிவில் இருந்த கடைசி சில வருடங்கள் எனக்கு அதுதான் காலைக் காப்பியும் மாலைத் தேநீரும். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், அது மட்டும் ஓய்வு பெறவில்லை.

யார் மீது என்று கேட்பீர்கள். என்னைவிடப் பல வருடம் இளையவர் ஒருவர், வெளியூரில் மேல்படிப்பு முடித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது இன்னும் ஓர் இடத்தில் அச்சாகிவிடும், இதுவரை அச்சானதே போதும். ஊரையும் குடும்பத்தையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், அந்த வீட்டு அம்மாவின் சம்மதத்தையும் வாங்கியிருக்கிறேன். துப்பறிய வேண்டாம்.

இலுப்பூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். மூத்த பெண் கவிதா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை வந்து என்னிடம் வந்தவள். ஒல்லியான பெண், சின்ன வயது, சர்க்கரை எக்கச்சக்கம். நான் இன்சுலின் ஊசியில் வைத்தேன். அன்றைக்கு எந்த மருத்துவர் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். இதை நான் பல பேரிடம் பல தடவை சொல்லிவிட்டேன், கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். அவள் ஊசி போட்டுக்கொண்டே பள்ளி முடித்தாள், திருச்சியில் கல்லூரி முடித்தாள். வருடா வருடம் கடலை பறித்ததும் அவள் அப்பா ஒரு மூட்டை பச்சைக் கடலையைத் தோளில் சுமந்து வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இறக்குவார். வாங்கக் கூடாது என்று நானும் சொல்வேன். அவரும் கேட்க மாட்டார். பிரிவு முழுக்க அவித்த கடலை வாசமாக இருக்கும்.

என் மகளுக்குப் பிரசவம் என்று நான் விடுப்பில் போயிருந்த நேரத்தில் கவிதா அந்த இளைய மருத்துவரிடம் போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் அவளுக்கு ஊசியே இல்லை. தினமும் ஒரு சின்ன மாத்திரை, அதிலும் பாதி. சர்க்கரை என் ஊசியில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று சொல்வார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன், ஊர்ப் பிடாரியின் இடத்தில் நின்று.

அவர் செய்தது என்ன என்று சொல்ல வேண்டும், சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டாலும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லுக்குள் எல்லா வேலைக்கும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. எந்தக் குறிப்பை எப்போது எடுத்து வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்யச் சில புரதங்கள் உண்டு. பாடப் புத்தகத்தில் அவற்றுக்குப் படியெடுப்புக் காரணி என்று பெயர். நோயாளிகளிடம் நான் மேஸ்திரி என்று சொல்வேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்தச் செய்தி செல்லுக்குள் கை மாறிக் கை மாறிக் கடைசிக் கதவு வரை போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் இன்சுலின் வெளியே வரும். வழியில் நிற்க வேண்டிய ஆட்களை நிறுத்துவது மேஸ்திரியின் வேலை. கவிதாவின் குடும்பத்தில் ஒரு மேஸ்திரி பரம்பரையாகவே சோப்ளாங்கி. சரக்கு உள்ளே இருக்கிறது, செய்திதான் போய்ச் சேரவில்லை. அந்தப் பழைய மாத்திரை நடுவில் யாரையும் கேட்காமல் நேரே கடைசிக் கதவுக்குப் போய் வேலையை முடித்துவிடும். அதனால்தான் ஊசி தேவைப்படவில்லை.

அதே மேஸ்திரிக்குச் சிறுநீரகத்திலும் ஒரு வேலை உண்டு. வடிகட்டும்போது தப்பிப் போகும் சர்க்கரையைத் திரும்பப் பிடித்து உள்ளே அனுப்புவதற்கு ஆள் போடுவது. அங்கேயும் அவர் சோம்பினால், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு வெகு நாள் முன்பே சிறுநீரில் இறங்க ஆரம்பித்துவிடும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதாவின் வீட்டில் தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, மகளுக்கு என்று வரிசையாகச் சர்க்கரை, எல்லோருக்கும் இளவயதிலேயே, எல்லோரும் ஒல்லி. இதைப் பார்த்து அந்த இளையவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அப்பாவின் ரத்தத்தையும் மகளின் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார், நினைத்தபடியே வந்தது. ஊரில் அவருக்கு மாத்திரை டாக்டர் என்று பெயர் ஆகிவிட்டது. ஊசியை நிறுத்திய டாக்டர் என்றால் சும்மாவா? கீரனூரில் இருந்தும் திருமயத்தில் இருந்தும் பஸ் ஏறி வந்து, என் அறையைத் தாண்டி, அவர் அறை வாசலில் நின்றார்கள். அந்த வருடம் கடலை மூட்டையும் என் மேசையைத் தாண்டிப் போனது. கவிதாவின் அப்பா என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டேதான் போனார். எனக்கு வயிறு எரிந்தது. அவித்த கடலையைத் தட்டில் போட்டு எனக்கும் அனுப்பி வைத்தார் மாத்திரை டாக்டர். அது இன்னும் எரிந்தது.

அதில் மோசமான விஷயம், அவர் நல்ல மனிதர். கெட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு நிம்மதி உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அடுத்த வருடம் கவிதாவின் தம்பிக்கும் சர்க்கரை வந்தது. பத்தாவது படிக்கிற பையன். சரவணன் என்று வைத்துக்கொள்வோம். அப்பா நேராக அவரிடமே கூட்டிக்கொண்டு போனார். மாத்திரை டாக்டர், கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்று பார்த்தார், சுரந்தது. அக்காவுக்கும் அப்பாவுக்கும் மேஸ்திரி கோளாறு என்று ஏற்கெனவே தெரியும். பிறகு இந்தப் பிள்ளைக்கு ஏன் தனியாக மரபணுப் பரிசோதனை? மாத்திரை கொடுத்தார், சர்க்கரையும் இறங்கியது. உங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. அறிவால் அல்ல. அவர் எங்காவது சறுக்க வேண்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். அவருடைய நோயாளிகள் வராந்தாவில் போகும்போது அவர்களை என் நோயாளிகளைவிடக் கவனமாகப் பார்ப்பேன். அப்படித்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை வரும்போதும் கால்சட்டை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான், மற்றொரு கையில் தண்ணீர் பாட்டில். எனக்கு மூக்கில் வியர்த்தது. அவர்களுடைய ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்திருந்தது. வழக்கமாக அதற்கெல்லாம் போக மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன், மொய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் காரை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"வாங்க டாக்டரம்மா, இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க," என்று கவிதாவின் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். முகம் சரியில்லை. "புள்ளைக்குக் காலையிலேருந்து வாந்திங்க. நேத்துக் கோயில்ல கெடா வெட்டு. கறி ஒத்துக்கலையோ என்னமோ."

உள்ளே போய்ப் பார்த்தேன். பையன் பாயில் சுருண்டு கிடந்தான். மூச்சு ஆழமாக, வேக வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. குனிந்தபோது அவன் வாயில் அழுகப் போகிற பழத்தின் வாடை. இந்த வாடையை ஒரு தடவை பிடித்துவிட்டால் பிறகு மறக்காது. இன்சுலின் அறவே இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தை அமிலமாக்கும்போது வருவது. உள்ளே சரக்கு இருக்கிற வீட்டில் இது இவ்வளவு சுலபமாக வராது.

அம்மாவை வெளியே கூட்டி வந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "கவிதா சின்னப் புள்ளையா இருக்கப்ப, சுகர்னு தெரியிறதுக்கு முன்னாடி, கொல்லையில ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குமா?"

"மொய்க்குமுங்க. பத்து வயசுலேயே மொய்க்கும். அவுக அப்பாவுக்கும் கல்யாணமாகி வந்த புதுசுலேயே பாத்திருக்கேன்."

"இவனுக்கு?"

"இவனுக்கு இல்லைங்க. நல்லாத்தான் இருந்தான். போன வருசம்தான் திடீர்னு எளச்சுப் போனான். அப்பறந்தான் எறும்பு."

அந்த எறும்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வீட்டுச் சோப்ளாங்கி மேஸ்திரி இவனிடம் இல்லை. இவனுடைய நோய் வேறு. இன்சுலின் சுரக்கும் செல்களையே உடம்பு எதிரி என்று நினைத்து அழிக்கிற நோய். அதில் ஆரம்பத்தில் சில மாதம் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தலையெடுக்கும், எதைக் கொடுத்தாலும் சர்க்கரை இறங்கும். தேனிலவுக் காலம் என்று நாம் சொல்லுவோம். தேனிலவு முடிந்துவிட்டது. கதவைத் தட்ட மாத்திரை இருக்கிறது, உள்ளேதான் யாருமில்லை. உடனே இன்சுலினும் சலைனும் ஏற்றாவிட்டால் பையன் பிழைக்க மாட்டான்.

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். மாத்திரை டாக்டர் சறுக்கிவிட்டார்.

வயலில் இருந்து அப்பா வந்தார். பையனை இப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஊசிதான், இனி எப்போதும் ஊசிதான் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மாத்திரை டாக்டருக்குப் போன் போட்டார், அது அணைந்திருந்தது. சென்னைக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும். நாளைக்கு அவர் வந்ததும் காட்டிக்கொள்கிறோம் என்றார். நாளைக்கு என்பது இல்லை என்றேன்.

"நான் சொல்றதத் தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா," என்று ஆரம்பித்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "எம் மக ஒங்ககிட்ட எத்தனை வருசம் ஊசி போட்டா. வந்த சம்பந்தம் எல்லாம் ஊசின்னதும் ஓடுச்சு. அவரு வந்து நிறுத்துனாரு. இப்ப எம் மகனுக்கு மறுபடியும் ஊசிங்கிறீங்க. ஒங்களுக்கு அவரு மேல காரம் இருக்கும். இருக்கிறதுதான். அதுக்காக எம் புள்ளையக் குத்தணுமாங்க?"

மூக்கறுபட்டது போல நின்றேன். அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. காரம் இருந்தது. அதனால்தான் அந்த வாசலுக்கே வந்திருந்தேன். இல்லை என்று மறுத்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். நோயாளியின் வீட்டார் நம் முகத்தைப் படிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

"காரம் இருக்குங்க," என்றேன். "நெறையவே இருக்கு. ஆனா உள்ள அவன் இழுக்கிற மூச்சு என் காரத்துல வந்ததில்ல. ஒங்க வம்சத்துக்கு வந்த வியாதி இவனுக்கு இல்ல. அந்த மாத்திரை இவனுக்கு ஒதவாது."

 அப்போது அந்த அம்மாள், வாசலை ஒட்டியிருந்த மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி பேசினார்.

"ஏங்க. வம்சத்து வியாதின்னா அது இவனுக்கு எப்படிங்க வரும்? இவன் எந் தங்கச்சி பெத்த புள்ளையாச்சே."

அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். மறைத்தது வெளியே வந்தவரின் முகம் அல்ல அது. எங்கேயோ வைத்து மறந்துவிட்டதை யாரோ எடுத்துக் காட்டியவரின் முகம்.

"ஆமா," என்றார். கொஞ்சம் கழித்து, "ஆமால்ல," என்றார்.

பிறந்ததும் தாயை இழந்த குழந்தை. பெரியம்மா எடுத்து வந்திருக்கிறார். அப்போது திருமயம் பக்கம் இருந்தவர்கள், குழந்தையோடு இந்த ஊருக்கு வந்து நிலம் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்கள். இங்கே யாருக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது, கவிதாகூட வாய் திறந்ததில்லை. மாத்திரை டாக்டர் குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்று கேட்டபோது, எங்க அப்பாவுக்கு, எனக்கு, என் மகளுக்கு, இப்ப என் மகனுக்கு என்று அந்த அப்பா சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகமே வரவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் பையன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்கும்போது எல்லோரையும் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அம்மாவிடம் தனியாக ஒரு தடவை கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே பரம்பரை நோய் என்று தோன்றினாலும், ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஊசி வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள்.

 அப்பா உள்ளே போய்ப் பையனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் காரில் ஏறினார். புதுக்கோட்டை வரும்வரை அவன் தலையைத் தன் மடியில் இருந்து இறக்கவில்லை. அந்த அம்மாள் முன்சீட்டில் இருந்து என் பக்கம் குனிந்து, "யாருக்கும் தெரிய வேணாங்க. அந்த டாக்டருக்கும்தான்," என்றார். சரி என்றேன். அந்த அவசரத்தில் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். மாத்திரை டாக்டர் சேதி கேட்டதும் அடுத்த ரயிலில் ஓடி வந்தார். கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை மேடம், நீங்க இருந்தீங்க," என்றார். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாப் பரிசோதனையும் செய்தார். பையனிடம் அந்த மரபணுக் கோளாறு இல்லை என்று வந்தது. அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை, பரம்பரைக் கோளாறு பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வராமல் போவது சகஜம்தான். ஒரே வீட்டில் இரண்டு விதமான நோய் என்பதுதான் அவருக்கு அதிசயம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். எறும்பு என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு திருச்சியில் மருத்துவர்கள் கூட்டம். அவர் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார், பெயர் இல்லாமல். ஒரே வீட்டில் மேஸ்திரி கோளாறு ஒரு பிள்ளைக்கு, வேறு நோய் அடுத்த பிள்ளைக்கு. என் தவறில் இருந்து கற்றுக்கொண்டது என்றே தலைப்பு வைத்திருந்தார், அதற்கே பாதிக் கைதட்டல். எறும்புக்குத் தனியாக ஒரு படம் போட்டார். சபை சிரித்தது, ரசித்தது. என் எறும்பு. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

திரையில் குடும்ப மரம் வந்தது. அப்பா, அம்மா, அவர்களில் இருந்து கீழே இரண்டு கோடு, ஒன்று மகளுக்கு, ஒன்று மகனுக்கு. இரண்டாவது கோடு தப்பு என்று தெரிந்த மருத்துவர் அந்த அரங்கத்தில் நான் ஒருத்திதான். பின்வரிசையில் இருந்து ஒரு இளைஞர் எழுந்தார். "சார், இவ்வளவு அபூர்வம்னா, அந்தப் பையன் அவங்களுக்குப் பொறந்தவன்தானான்னு பாத்தீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்தக் குடும்பத்தை என்னைவிட மேடத்துக்குத்தான் நல்லாத் தெரியும். அவங்களே சொல்லட்டும்." மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த நெருக்கடி இதுதான். மூச்சு இழுத்த பையனைக் காரில் ஏற்றியது அல்ல. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், அதில் யோசிக்க ஏதுமில்லை. இங்கே என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவருடைய அதிசயம் அந்த நிமிடமே சாதாரணமாகிவிடும். கண்டுபிடித்தது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயர் சொல்லப் போவதில்லையே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட மனது கணக்குப் போட்டது. ஆனால் மாத்திரை டாக்டருக்குப் பெயர் தெரியும். அடுத்த தடவை அந்த அப்பா அவர் எதிரில் உட்காரும்போது, டாக்டரின் கண்ணில் அது தெரியும்.

"அவங்க புள்ளதான்," என்றேன். "எனக்கு நல்லாத் தெரியும். அதுல சந்தேகமே வேணாம்."

இளைஞர் உட்கார்ந்தார். அடுத்த படம் வந்தது. பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன், முழங்கால் வலியோடு.

அந்த வருடக் கடலை வந்தபோது எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. வராந்தாவில் மூட்டையோடு சரவணன் வந்தான். நன்றாகத் தேறியிருந்தான், கால்சட்டை இடுப்பில் நின்றது. மூட்டையை இறக்காமல், "டாக்டர் சார் ரூம்ல இருக்காருங்களா?" என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். "அப்பா வரலையா?" என்று கேட்டேன்.

"கீழதான் நிக்கிறாருங்க. ஒங்க ரூம் வழியா வரணும்ல, நீயே குடுத்துட்டு வாடான்னுட்டாரு. என்னன்னு தெரியல, ஒங்களப் பாக்கக் கூச்சப்படுறாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கோபத்தில் நிற்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். அந்த மாத்திரை டாக்டர் எதிரில் உட்கார்ந்தால், என் மகனுக்கு எப்படிங்க இருக்கு என்று அவரால் எப்போதும்போலக் கேட்க முடியும்.

பையன் அவர் அறைக்குள் போனான். "அப்பா குடுத்தாரு சார்," என்று சொல்வது கேட்டது. நான் நோயாளியைக் கூப்பிடச் சொல்லி மணியை அடித்தேன். நான் ஓய்வு பெறும்வரை வருடா வருடம் கடலை அந்த அறைக்குத்தான் போனது. அவரும் வருடா வருடம் அவித்துத் தட்டில் போட்டு அனுப்பினார். நான் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பவில்லை. கடலை என்னவோ நல்ல கடலைதான், ஆனால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.